பிரம்மநாயகம் பார்க்காத தீவு

அந்தமானுக்குப் போனால் என்னென்ன செய்யலாம் என்று பிரம்மநாயகத்தைக் கேட்டால் போதும், மனுஷர் வாயை மூட மாட்டார். அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார்ந்து பவளப்பாறை பார்க்கலாம். வாயில் குழாயை மாட்டிக்கொண்டு மீனோடு மீனாக மிதக்கலாம். தலையில் குடம் மாதிரி ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கடலடியில் நடக்கலாம், முடிகூட நனையாது. ராதாநகர் கடற்கரையில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். தாராவியில் அவர் இருந்த சந்தில் இதையெல்லாம் கேட்காத ஆள் கிடையாது. கேட்டுக் கேட்டு, அந்தத் தீவுக்குத் தாங்களே போய்வந்ததாக நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

ஒரு விதத்தில் அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். அவர் அந்தத் தீவுக்கு உண்மையிலேயே பல தடவை போயிருக்கிறார். ஆனால் மேலே சொன்னதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

அவர் சமையல்காரர். மும்பையிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஊர் புதிதாக இருக்க வேண்டும், சாப்பாடு மட்டும் வீட்டுச் சாப்பாடாக இருக்க வேண்டும். கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு, காலையில் அவல் போஹா எங்கே, ராத்திரி பூரி எங்கே என்பார்கள். அதற்காகவே டூர் கம்பெனிகள் அரிசி பருப்போடு சமையல்காரர்களையும் விமானத்தில் ஏற்றிவிடும். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கத் தொடங்கி, கல்யாணச் சமையலுக்குப் போய், கடைசியில் இந்த டூர் வேலைக்கு வந்து சேர்ந்தவர் பிரம்மநாயகம். கம்பெனியில் அவர் பெயரை முழுசாகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ‘பிரம்மா மஹாராஜ்’ ஆக்கிவிட்டார்கள். பெயரைக் கேட்ட குஜராத்தி அம்மாக்கள் அவரை ஐயர் என்று தாங்களாகவே முடிவுகட்டி, இன்னும் ஒரு பூரி சேர்த்துச் சாப்பிட்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தே ஒரு பொய்யை வளர்க்க அவருக்கு நன்றாக வரும்.

விமானம் இறங்கும் ஊரிலிருந்து தீவுக்குக் கப்பலில் போகும்போதாவது கடல் தெரியாதா என்று கேட்பீர்கள். கப்பலில் ஏறினாலே அவருக்குக் குமட்டும். கையில் பிளாஸ்டிக் பையும் காலடியில் எண்ணெய் டின்னுமாகக் கண்ணை மூடினால், இறங்கும்போதுதான் திறப்பார். ஓட்டலுக்குப் போனதும் பின்கட்டுச் சமையலறை. விருந்தாளிகள் கடலில் குளிக்கும்போது அவர் பருப்பு தாளிப்பார். அவர்கள் சூரியன் இறங்குவதைப் பார்க்கும்போது அவர் வெங்காய பஜ்ஜி போடுவார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவரும், சுவருக்கு மேலே ஒரு தென்னை மரத்தின் தலையும் தெரியும். அவர் கண்ட அந்தமான் அவ்வளவுதான்.

மீதியெல்லாம் காதால் கேட்டது. ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். நீலமாக ஒரு மீன் விரலைக் கடித்தது என்பாள் ஒரு பெண். ஹெல்மெட்டுக்குள் தும்மிவிட்டேன் என்பார் ஒரு தாத்தா. பிரம்மநாயகம் பூரிக் கூடையோடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார். கேட்டதையெல்லாம் முடிந்து கொண்டுவந்து, வீட்டில் ஆறுமுகத்தாயிடம் அவிழ்ப்பார்.

ஆறுமுகத்தாய் அவர் மனைவி. கார்மெண்ட் பட்டறையிலிருந்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை வீட்டிலேயே செய்துகொண்டிருந்தாள். முதல் தடவை அவர் தீவிலிருந்து திரும்பி வந்த அன்று, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “கடல் எப்பிடி இருந்துச்சு? மாஹிம் கடல் மாதிரி கருப்பால்லாம் இருக்காதுல்லா?” என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து, நான் சுவரைத்தான் பார்த்தேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்குளா” என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அதோடு விட்டிருந்தால் பாதகமில்லை. “அடுத்த சீசனுக்கு ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துவிட்டார். கம்பெனியும் மழைக்கால டூரில் வேலையாட்களின் மனைவிக்கு இடம் தரத் தயாராக இருந்தது. டூர் மேனேஜர் சாய்நாத் நல்ல பையன். வருஷா வருஷம் அவனாகவே கேட்பான், “மஹாராஜ், இந்த வருஷம் பாபியைக் கூட்டி வருகிறீர்களா?” என்று. ஒவ்வொரு வருஷமும் பிரம்மநாயகம் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னார். மகள் விஜயலட்சுமிக்குப் பரீட்சை, பிறகு மகளுக்குக் கல்யாணம், பிறகு நெருளில் மகளுக்குப் பிரசவம். உண்மைக் காரணம் வேறு இருந்தது. கூட்டிக்கொண்டு போனால் அவள் கரையில் இறங்கி, ‘கண்ணாடிப் படகு எங்கன இருக்கு?’ என்று கேட்பாள். அவருக்குத் தெரியாது. பெண்டாட்டி முன்னால் மானம் போய்விடும். இந்த ஒரு பயத்துக்காக அந்த மனிதர் அவளை வருஷக்கணக்கில் ஏமாற்றினார். எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு, ஆனால் இதை நினைத்தால் கோபமும் வருகிறது.

பிறகு ஆறுமுகத்தாயின் கால் வீங்கியது. முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற இடத்தில் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதை ஒரு முறை தவறவிட்டாலும் மூச்சு முட்டும். இனி தீவு என்ன, தூத்துக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போவதாக இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

பிரம்மநாயகம் டூர்களைக் குறைத்துக்கொண்டு அவளோடு செம்பூருக்குப் போனார். ஊசி குத்திய கையை அசைக்காமல் நாலு மணி நேரம் கிடக்க வேண்டும். பொழுது போக வேண்டுமே. “அந்தமான் சொல்லுங்க” என்பாள். அவர் சொல்வார். ஒரு நாள் பவளப்பாறை, ஒரு நாள் கடலடி நடை, ஒரு நாள் சுண்ணாம்புக் குகை. பக்கத்துக் கட்டில்காரர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். அவள் முகத்தில் அப்போது வலி தெரியாது. அதனால் அவர் இன்னும் அளந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஓர் இளைஞன் வந்திருந்தான். பைசான் என்று பெயர், கோவண்டிக்காரன். அன்று பிரம்மநாயகம் ராதாநகரில் கண்ணாடிப் படகு ஏறிய கதையை இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று.

“சாச்சா, ராதாநகரில் ஏது கண்ணாடிப் படகு?” என்றான் பைசான். அவன் கல்யாணமான புதிதில் போயிருக்கிறான். “அங்கே வெறும் மணலும் அலையும்தான். பவளப்பாறையே கிடையாது. படகெல்லாம் வேறு தீவில். நீங்கள் எந்தப் படகுத்துறையில் ஏறினீர்கள்?”

பிரம்மநாயகம் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அப்போது ஆறுமுகத்தாய் கண்ணைத் திறக்காமலே இந்தியில் சொன்னாள். “அது முன்னாடி இருந்தது பேட்டா. சுனாமிக்கு அப்புறம் எடுத்துவிட்டார்கள்.” அவ்வளவு உறுதியாகச் சொன்னதும் பைசான், அப்படியா என்று தலையாட்டிக்கொண்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் சயானை நெருங்கியது.

“சுனாமி கதை ஒனக்கு யார்ளா சொன்னா?” என்று கடைசியில் கேட்டார்.

“யாரும் சொல்லல. நீங்க மட்டுந்தான் அளப்பீயளா? எனக்கும் அளக்கத் தெரியும்.”

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. “எப்பம் தெரியும் ஒனக்கு?”

“மொதத் தடவையே தெரியும். ஒங்க துணிய தொவைக்கது யாரு? நாந்தானே? கடலுக்குப் போனவரு பேண்டுல ஒரு பொட்டு மணலு இருக்காதாக்கும்? மடிப்ப விரிச்சு விரிச்சுப் பாப்பேன். கடுகு இருக்கும், பருப்புத் தொலி இருக்கும். பெருங்காய வாடையடிக்கும். டூர்க்காரங்க எடுத்த போட்டோன்னு காட்டுனீயளே, அதுல ஒண்ணுலயாவது நீங்க இருந்தீயளா?”

“அப்ப ஏன்ளா ஒண்ணும் கேக்கல?”

“ஆசையாச் சொல்லுதீயேன்னு இருந்தேன்.” கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு ஆத்தமாட்டல. தெரியாத எடம்னா என்ன? ரெண்டு பேருமா வழி கேட்டுப் போயிருக்கலாம்லா?”

பிரம்மநாயகம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தார். கண்டக்டர் வந்து இறங்கும் இடம் கேட்டார். அவள்தான் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க அவர் எதுவும் அளக்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அவளே கேட்டாள், “நெசமா என்னதான் பாத்தீய, அதச் சொல்லுங்க” என்று. சுவரைச் சொன்னார். தென்னந்தலையைச் சொன்னார். இரவில் பாத்திரம் கழுவும்போது தூரத்தில் ‘ஹோ’வென்று ஒரு சத்தம் கேட்கும், அது அலையா காற்றா என்று தெரியாது என்றார். பூரி வாங்க வரும் ஒரு செவலை நாயைச் சொன்னார். அதற்குக் காரம் ஆகாது என்றதும் அவள் சிரித்தாள். இத்தனை வருஷம் சொன்ன கதைகளில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அந்த நாய்க்குத்தான்.

தீபாவளி முடிந்து சீசன் தொடங்கியதும் சாய்நாத் போன் செய்தான். பிரம்மநாயகம் முடியாது என்றார். ஆறுமுகத்தாய் விடவில்லை. மகளை நெருளிலிருந்து வரவழைத்து வைத்துக்கொண்டு, அவரைக் கிளப்பிவிட்டாள்.

“எனக்காக ஒரே ஒரு வாட்டி கடல்ல எறங்குங்க. வேற ஒண்ணும் வேண்டாம். துணிய அங்கன அலசிப்புடாதீய, கேட்டீயளா? மணலோட அப்பிடியே கொண்டாங்க. நான் பாக்கணும்.”

தீவில் அவர் சாய்நாத்திடம் போய் நின்று, ஒரு சாயங்காலம் அடுப்பை விட்டு வெளியே போகலாமா என்று கேட்டார். எதற்கு என்றான். கடலைப் பார்க்க என்றார். சாய்நாத் சிரிக்க ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “நீங்கள் பார்த்ததே இல்லையா, மஹாராஜ்?” என்றான். அன்றைக்கு பஜ்ஜி வேண்டாம், பிஸ்கட் போதும் என்று சொல்லி விருந்தாளிகளின் வண்டியிலேயே அவரையும் ஏற்றினான்.

ராதாநகரில் மரங்களுக்கு நடுவே நடந்து வெளியே வந்ததும் பிரம்மநாயகம் நின்றுவிட்டார். பச்சைக் கண்ணாடி என்று இத்தனை நாள் சொன்னது தப்பு. சாயங்கால வெயிலில் அது அவருக்குப் பெயர் தெரியாத ஒரு நிறமாக இருந்தது. செருப்பைக் கழற்றினார். பேண்டை மடித்துவிட்டார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, இதை ஒருத்தரும் மேசையில் சொன்னதில்லையே என்று நினைத்தார். அலை முழங்காலைத் தாண்டி நனைத்தது. “மஹாராஜ் இறங்கிவிட்டார்!” என்று குஜராத்தி அம்மாக்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். படம் சுற்றிக்கொண்டே நின்றது, குரல் மட்டும்தான் கிடைத்தது. போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“கேக்கா? ஏளா, கேக்கா ஒனக்கு?”

“கேக்கு.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நெசக் கடல்தானா? இல்ல கிச்சன் கொழாயத் தொறந்துவிட்டுட்டு நிக்கீயளா?”

“சத்தியமா கடலுளா. முட்டளவு தண்ணியில நிக்கேன்.”

“அப்பம் சரி. சும்மா பேசாதீய. நில்லுங்க. நான் கேட்டுக்கிடுதேன்.”

லைன் தானாகக் கட்டாகும் வரைக்கும் அவர் குனிந்தபடி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பகலில், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கும்போது, மகளிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். அன்றைக்குக் கப்பல் போய்விட்டிருந்தது. சாய்நாத் யார் யாரையோ பிடித்து அடுத்த நாள் காலைக் கப்பலிலும் விமானத்திலும் இடம் வாங்கிக் கொடுத்தான். பிரம்மநாயகம் வந்து முகம் பார்க்கிற வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். இந்த முறை கப்பலில் அவர் கண்ணை மூடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார், குமட்டவும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து மகள் நெருளுக்குப் போன பிறகுதான் பையைத் திறந்தார். அவள் சொன்னபடி பேண்டை அலசாமல், பாலிதீன் கவரில் சுற்றி வைத்திருந்தார். வீட்டு மூலையில் பாத்திரமும் துணியும் கழுவுகிற மோரியில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் அதை முக்கி, மடிப்பை விரித்து, அவள் செய்வது போலவே விரலால் தேய்த்தார். பேண்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளியும் வரை காத்திருந்தார். அடியில் வெள்ளையாக, ஒரு பிடிக்குக் குறையாமல் மணல் படிந்திருந்தது.

“ஏளா, இங்கன வந்து பாரு” என்றார், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சந்தே கேட்கும்படி அழுதார்.

விடிந்ததும் குழாயில் தண்ணீர் வந்தது. பானையில் பிடித்தார், டிரம்மில் பிடித்தார், குடத்தில், சோற்றுப் பாத்திரத்தில், டீ போடும் சட்டியில்கூடப் பிடித்து வைத்தார். அந்த வாளியில் மட்டும் பிடிக்கவில்லை.