வாயில் ஏழு, கையில் மூன்று

கோதண்டம் அண்ணன் போய்விட்டார் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய போனிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அண்ணி. “தம்பி, ஹைவேல போயிருக்கணும் தம்பி. நான்தான் உள்ரோட்டக் காட்டிட்டேன்,” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எங்க போறதுக்கு அண்ணி? அண்ணன்கிட்ட குடுங்க,” என்றேன். அண்ணிக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண், “பாடிய எப்ப குடுப்பாங்கன்னு கேளும்மா,” என்று சொல்வது கேட்டது. எனக்குச் செய்தி வந்து சேர்ந்தது இப்படித்தான்.

திருமழிசை தொழிற்பேட்டையில் அவரோடு வேலை பார்த்த நாமெல்லாம் அவர் நினைவாகக் கூடுகிறோம், நீதான் எழுதிப் படிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். நல்லதாக நாலு வார்த்தை மட்டும் போதுமென்றால் வேறு யாரையாவது பிடித்திருக்கலாம். கம்பெனி வேனில் இத்தனை வருஷமாக அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன் நான். அந்த சீட்டில் உட்கார்ந்தவனுக்குத்தான் அவர் புலம்பலைக் கேட்கிற அவஸ்தை தெரியும். பின்சீட்டில் தூங்குகிற மாதிரி நடித்தவர்கள் யார் யாரென்றும் எனக்குத் தெரியும். இன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ரேஸ் என்றால் மோட்டார் சைக்கிள் ரேஸ் என்று நினைத்துக்கொண்டு கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன் நான். அண்ணன் நசரத்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, குதிரை மட்டும்தான். அதிலும், கட்டின காலத்திலேயே கொஞ்சமாகத்தான் கட்டியிருக்கிறார். காசு போனதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததே இல்லை. கைக்கு வந்த குதிரையை விட்டோமே என்பதுதான் அவரை அரித்தது.

நான் வேலைக்குச் சேர்வதற்குச் சற்று முன்பு கிண்டியில் நடந்த ஒரு டெர்பிதான் எல்லாவற்றுக்கும் மூலம். டெர்பி என்றால் வருஷத்திலேயே பெரிய ரேஸ். அண்ணன் ஒரு வாரம் ரேஸ் புத்தகத்தோடு மண்டையை உடைத்துக்கொண்டு, ஏழாம் நம்பர் ப்ளூ லான்டர்ன்தான் என்று முடிவு செய்திருக்கிறார். யாரும் சீந்தாத குதிரை. பஸ் ஏறும்போது ஏழு, வரிசையில் நிற்கும்போது ஏழு. கவுன்ட்டருக்கு முன்னால் போனதும், கூட்டமே கட்டிக்கொண்டிருந்த மூன்றாம் நம்பர் ராயல் மேஜர் மேல் கட்டிவிட்டார். ஏழு ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்தது. மூன்று எந்த இடத்தில் வந்தது என்று அவர் பார்க்கவே இல்லை.

“வாயில ஏழு இருந்துச்சி நைனா. கை மூணு காட்டிச்சி. கவுன்ட்டர்ல கீறவன் கையத்தான் பாத்தான், வாயப் பாக்கல.” இதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் வலது கையின் மூன்று விரலைத் தூக்கி, அந்தக் கையை யாருடையதோ என்பதுபோல் முறைப்பார்.

குற்றவாளி மட்டும் மாறிக்கொண்டே இருந்தான். முதலில், பூந்தமல்லியில் பஸ் ஏறியபோது பக்கத்தில் உட்கார்ந்து “இன்னிக்கு மேஜர்தாம்பா” என்று சொன்ன துண்டுக்காரர். கொஞ்ச நாளில் அவரை மன்னித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்: முந்தைய பஸ்ஸில் போயிருந்தால் துண்டுக்காரரையே பார்த்திருக்க மாட்டார். முந்தைய பஸ்ஸை ஏன் விட்டார்? அன்றைக்கு அண்ணி இட்லி ஊற்றாமல் பூரி சுட்டதால். இதை அவர் வீட்டில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே சொன்னார். “இன்னாது, பூரி மேல வந்துட்டியா?” என்று அண்ணி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். “அது மட்டும் இல்லடி, நீ மூணாந்தேதி பொறந்தவ. கட்டின நாள்லேர்ந்து மூணு மூணுன்னு மண்டைல ஏறிப் போச்சி,” என்றார் அண்ணன். கரண்டி பறந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் குறிபார்த்தார்.

அவர் வாயை அடைக்க அண்ணியிடம் ஒரே ஒரு மருந்து இருந்தது. “இந்தா, ஒண்ணு சொல்றேன் கேளு. நீ கட்டியிருந்தா அந்த ஏழு வந்திருக்கவே வந்திருக்காது. உன் காசு அது மேல ஏறியிருந்தா நடு ரேஸ்ல படுத்துகினு இருந்திருக்கும்.” உடனே அண்ணன் முகம் மலர்ந்துவிடும். “அதுவும் கரெக்ட்டுதான்,” என்று சிரித்துவிட்டு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்வார். மறுநாள் காலை வேனில் மறுபடியும் துண்டுக்காரரிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த டெர்பிக்குப் பிறகு அவர் காசு கட்டவே இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. மனசுக்குள்ளேயே கட்டுவார். பெரிய ரேஸ் நாளில் டீக்கடை பெஞ்சில் போனில் பார்த்துக்கொண்டே ஒரு குதிரையை என் காதில் சொல்வார். அது தோற்றால், நல்லவேளை கட்டவில்லை என்று சொல்லவேண்டியதுதானே? மாட்டார். கட்டியிருந்தால் இன்னும் யோசித்து வேறு குதிரையைச் சொல்லியிருப்பேன் என்பார். ஒருமுறை அவர் சொன்ன குதிரையே ஜெயித்தது. அன்றைக்கு டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் மனுஷனுக்கு முட்டுச்சந்துதான். எனக்குச் சில நாள் கோபம் கோபமாக வரும். இறங்குங்கள் அண்ணே அந்தக் குதிரையை விட்டு என்று கத்தலாம்போல இருக்கும்.

சட்டை வாங்கினாலும் இதே கதை. நீலத்தை எடுத்துவிட்டு, போடுகிற நாளெல்லாம் பழுப்பை நினைத்துக்கொண்டிருப்பார். டீ சொல்லிவிட்டு என் காபி டம்ளரைப் பார்ப்பார். மகள் கவிதாவுக்கு இரண்டு வரன் வந்தது, ஒன்று ஆவடி குவார்ட்டர்ஸ் பையன், மற்றது ஓசூரில் வேலை பார்க்கிற பையன். ஓசூரைப் பிடித்தார். மாப்பிள்ளை தங்கமானவர், அவள் நன்றாக இருக்கிறாள். இருந்தும் ஒரு தீபாவளிக்கு, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது, “அந்த ஆவடிப் பையன் இப்ப ஃபோர்மேனாம்,” என்று ஆரம்பித்தார். கவிதா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “அப்பா, நான் இன்னா குதிரையா?” என்று கேட்டாள். அவர் அப்படியே ஒடுங்கிப் போனார். அன்று சாயங்காலம் முழுக்க வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம், “நிறுத்தத் தெரியல நைனா. நிறுத்தணும்னு ஆசதான்,” என்றார்.

இத்தனையும் சொன்னேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பாரிவாக்கத்தில் நான் ஃப்ளாட் வாங்கின வருஷம் மழையில் எங்கள் தெரு ஏரியாகிவிட்டது. ஆவடியில் பார்த்த வீட்டை விட்டுவிட்டு இதை வாங்கினேனே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள், போன் செய்தவர்கள் அத்தனை பேரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நிலத்தைப் பார்த்திருக்கணும், பழைய ஆட்களிடம் விசாரித்திருக்கணும். அண்ணன் முழங்கால் தண்ணீரில் பால் பாக்கெட்டோடு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லு நைனா. நான் கேட்டுகினு கீறேன்,” என்றார். நான் தரகரிலிருந்து ஆரம்பித்து என் மாமனார் வரைக்கும் எல்லோரையும் திட்டி முடித்தேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “அப்புறம்?” என்றார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அதையும் கேட்டார். “இதுக்கு பதில் கெடையாது நைனா. யாராச்சும் கேக்கணும், அவ்ளோதான்,” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்ப அந்தத் தண்ணீரில் இறங்கிப் போனார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். அண்ணி ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆவடி ரோட்டில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹைவே பிடித்து பூந்தமல்லி போய்த் திரும்பலாம், இல்லையென்றால் பாரிவாக்கம் வழியாக உள்ளே புகுந்து போகலாம். எந்தப் பக்கம் என்று ஆட்டோக்காரர் கேட்க, அண்ணி உள்ரோட்டைக் காட்டினார். பாரிவாக்கம் வளைவில் ஒரு கான்கிரீட் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர், “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்,” என்றாராம். போதாததற்கு அந்த ஆட்டோக்காரர் துக்கத்துக்கு வந்த இடத்தில், அன்றைக்கு ஹைவே காலியாகக் கிடந்ததாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இதையெல்லாம் வந்து சொல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் இவர்களுக்கு?

காரியம் முடிந்து நான் போனபோது அண்ணி தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். “ஹைவேன்னுதான் தம்பி வாய்ல வந்துச்சி. கை உள்பக்கம் காட்டிச்சி. அவன் கையப் பாத்து வண்டியத் திருப்பிட்டான்.” அந்தக் கையை அவரும் அதே மாதிரி முறைத்தார். அதற்குமேல் கேட்க என்னால் முடியவில்லை. அவருடைய மருந்தையே அவருக்குக் கொடுத்துப் பார்த்தேன். “அண்ணி, நீங்க ஹைவேல போயிருந்தா அன்னிக்கு ஹைவேலதான் லாரி மாட்டியிருக்கும். அண்ணனுக்கு நீங்க எப்பவும் சொல்றதுதானே?”

“அந்த ஏழு வந்திருக்கும் தம்பி,” என்றார் அண்ணி. “யாரு கட்டினாலும் வந்திருக்கும். யாரு காசுன்னு குதிரைக்கு இன்னா தெரியும்? அந்தாளு ஒரு வாய் சோறு துன்னணுமேன்னு நான் சொல்லிகினு இருந்தேன். அதுவும் அவருக்குத் தெரியும்.”

பிறகு சொன்னார். “லாரி நவுரல. நான் ஆட்டோல அழுதுகினு கீறேன். என் கையப் புடிச்சிகினு சொல்றாரு, ‘கரெக்ட்டான ரோடுதாண்டி காட்டுன. ஹைவேல போயிருந்தா இன்னும் லேட்டாயிருக்கும்’னு. ஒரு சட்டைய சரின்னு சொன்னதில்ல தம்பி அந்தாளு. ஒரு டீய சரின்னு சொன்னதில்ல. நான் அவருக்கு இத்தினி வருசமா சொன்ன பொய்ய, எனக்குத் திருப்பிச் சொல்லிட்டுப் பூட்டாரு.”

என்னிடமும் ஒன்று இருக்கிறது, அதை அண்ணியிடம் சொல்லவில்லை. அன்று காலை பாரிவாக்கத்தில் என் பால்கனியிலிருந்து அந்த லாரியை நான் பார்த்தேன். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற இரண்டு பைக்கை நகர்த்தினால் ஒரு ஆட்டோ போக இடம் கிடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன். இப்போதெல்லாம் பால்கனிக்குப் போனாலே மனசுக்குள் அந்த இரண்டு பைக்கையும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அவை நகர்ந்தபாடில்லை.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்டால், ஒரு நாற்காலிதான். அவர் என் வீட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதிரி, இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் நசரத்பேட்டையில் நான் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். அண்ணி அந்தக் காலையிலிருந்து ஆரம்பித்து, ஆட்டோ, ரோடு, லாரி, டாக்டர் வரைக்கும் சொல்லி முடிப்பார். நான் குறுக்கே பேசுவதில்லை. முடித்ததும், “அப்புறம் அண்ணி?” என்பேன். அவர் மறுபடி அந்தக் காலையிலிருந்து ஆரம்பிப்பார்.