மூக்குக் கட்டும் ஒரு பஸ் பயணமும்

போன வருஷம் ஆடி மாதம். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அரை மணி நேரப் பயணம்தான். அதை இன்னமும் மறக்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பந்து முகத்தில் அடித்து என் மூக்கு உடைந்தது. வீக்கம் வற்றினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள். வற்றியபோது மூக்கு இடது பக்கம் சாய்ந்திருந்தது, நடுவில் ஒரு மேடும் இருந்தது. வலது பக்கம் மூச்சே போகாது. நாற்பது வயதை நெருங்கும் வரை வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினேன். காலையில் எழுந்தால் நாக்கு தேங்காய் நார் மாதிரி காய்ந்து கிடக்கும். நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில், பேக்கிங்கில். அந்தப் பஞ்சுத் தூசியில் இருக்கிற ஒரு பக்க மூச்சும் அடைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா, அப்பா இல்லை. அண்ணன் குடும்பத்தோடு திருப்பூரில் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாடியில் ஒரு ரூமில் நான் ஒருத்தி மட்டும்.

டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மூச்சுக்கு மட்டும் செய்தால் போதுமா, வெளி வடிவத்தையும் சரி செய்யணுமா என்று கேட்டார். மூச்சுக்காக என்றால் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். அழகுக்காக என்றால், இந்த வயசில் யாருக்குக் காட்ட என்று கேட்பார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு "ரெண்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டையும் ஒரே ஆபரேஷனில் செய்துவிடலாம் என்றார்.

அப்புறம் நிதானமாக விளக்கினார். உள்ளே நடுச்சுவர் வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்தி, வெளியே எலும்பையும் சரி செய்வார்களாம். சினிமாவில் பார்க்கிற மூக்கு வராது, உங்கள் மூக்குதான் கொஞ்சம் நேராக வரும் என்றார். கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கும். ஒரு வாரம் கட்டு இருக்கும். மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தலையை உயர்த்தி வைத்துத்தான் படுக்கணும். மூக்கு நுனி மரத்துப்போன மாதிரி இருக்கும். வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். முதல் சில நாள் ஏன் இதைச் செய்தோம் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும், அப்போது கண்ணாடி பார்க்காதீர்கள் என்றார். கடைசியாக, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கூட இருக்கணும் என்றார். அது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன்.

அண்ணனிடம் சைனஸ் ஆபரேஷன் என்று மட்டும் சொன்னேன். சின்ன ஆபரேஷன்தானே, முடிந்ததும் போன் பண்ணு என்றார். கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி ஆஸ்பத்திரியில் வந்து இருந்தாள். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு மேல் அவளிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

மூக்குக்குள் திணித்திருந்த துணியை நர்ஸ் உருவி எடுத்தபோது, நாங்கள் பேக்கிங்கில் மடித்து மடித்து அடுக்குகிற அதே துணி என்று தெரிந்தது. எடுத்த பிறகும் உள்ளே வீங்கியிருந்ததால் மூச்சு வாய் வழியாகத்தான். காரில் போங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான்தான் பிடிவாதமாக பஸ்ஸுக்கு வந்தேன். கூட இருந்தவள் என்னை ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்து, பையை மடியில் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அன்றைக்கு என் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. மூக்கு மேல் வெள்ளைக் கட்டு, இரண்டு கண்ணும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்டு மறைக்கலாம் என்றால் மூக்கு மேல் எந்த பாரமும் ஏற்றக் கூடாது. அதனால் சேலை முந்தானையைத் தலைக்குப் போட்டு முகத்தை மூடிக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு சீட்டுக்குப் போனார்கள்.

ஒரு அக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயசிருக்கும். வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வேறு பஸ் மாறணும் என்று கண்டக்டரிடம் சொன்னது காதில் விழுந்தது. பஸ் ஊரைத் தாண்டியதும் என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"யாரு தாயி அடிச்சா?"

யாரும் அடிக்கவில்லை, ஆபரேஷன் என்றேன். மூக்கடைப்பில் என் குரல் அழுகிற மாதிரிதான் வந்தது. அவர் "சரி" என்று தலையாட்டினார். என் கையைப் பிடித்தவர் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்காரர் குடிப்பாரா என்றார். வீட்டுக்காரரே இல்லை என்றேன். அதற்கும் "சரி" என்றார். நான் என்ன சொன்னாலும் அவருக்கு அது பயத்தில் சொல்கிற பொய்யாகவே பட்டது.

பஸ் ஸ்டாண்டில் அவரும் என்னோடு இறங்கி, என் பையை வாங்கிக்கொண்டார். உங்கள் பஸ் போய்விடும் அக்கா என்றேன். போனால் அடுத்தது வரும் என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. வாயால் மூச்சு விடுவதே பெரும்பாடு. இவரோடு எங்கே வாதாட?

வீட்டு மாடிப்படி ஏறும்போது என்னைப் பின்னால் தள்ளிவிட்டு அவர் முன்னால் ஏறினார்.

"நீ பேசாம இரு. அவிய கிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மேலே போனால் கதவில் பூட்டு தொங்கியது. நான் திறந்தேன். அவர் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார். ஒரு கட்டில். கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர். கொடியில் என் சேலைகள் மட்டும். ஆண் பிள்ளை செருப்போ சட்டையோ எதுவும் கிடையாது. பையிலிருந்த மாத்திரைகளையும், தலையை உயர்த்தி வைக்க நான் முன்பே வாங்கி வைத்திருந்த தலையணைகளையும் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நெசமாவே ஆபரேசன்தானா?"

நான் தலையாட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்தால் கட்டு இழுத்து உயிர் போகிற மாதிரி வலித்தது. வலியில் கண்ணீர் வந்தது, அப்புறம் அது வலிக்கான அழுகையாக இல்லை. மூக்கு அடைத்திருந்தால் ஒழுங்காக அழக்கூட முடியாது, எல்லாம் தொண்டைக்குள் இறங்குகிறது. அவர் எழுந்து வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பாத்துக்கிட ஒரு ஆளு இல்லாம எப்படித் தாயி இதுக்குத் துணிஞ்ச?" என்றார். கம்பெனியிலும், ஏன், அண்ணன்கூட, வலிக்கிறதா என்றுதான் கேட்டிருந்தார்கள். தனியாகவா இருக்கிறாய் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. தெரிந்த விஷயம் என்பதால் கேட்கத் தோன்றியிருக்காது.

அவர் அரிசியைக் குழைய வேகவைத்துக் கஞ்சி வைத்தார். நான் வாயால் மூச்சு விட்டு விட்டு அதைக் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான், நான் கேட்காமலே சொன்னார்.

"என் தங்கச்சி இப்படித்தான் மூஞ்சி வீங்கி இருந்தா. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா. நானும் நம்பி ஊருக்குப் போயிட்டேன். பொறவு அவ செத்துத் தூக்கிப்போடத்தான் போனேன்."

சொல்லிவிட்டு எழுந்து டம்ளரைக் கழுவி வைத்தார். குடத்தில் தண்ணீர் பிடித்து, நான் குனிய வேண்டாம் என்று சமையல் மேடை மேல் ஏற்றி வைத்தார். வெயில் சாய்ந்த பிறகு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பேரைக்கூட நான் கேட்கவில்லை. கேட்கணும் என்று தோன்றியபோது தெருவில் ஆளைக் காணோம்.

மீதி நாட்கள் டாக்டரம்மா சொன்ன மாதிரியே போயின. சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். சொல்லியும் கேட்காமல் கண்ணாடி பார்த்து, இது யாரோ என்று பயந்தேன். கட்டுப் பிரிக்கத் தனியாகத்தான் போனேன். வீங்கியிருந்தாலும் மூக்கு நேராக இருந்தது. சில வாரம் கழித்து ஒரு நாள் காலை, வாயை மூடியே தூங்கி எழுந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வலது பக்கம் சில்லென்று காற்று ஏறியது. இத்தனை வருஷமாக மற்றவர்கள் இப்படித்தான் மூச்சு விட்டிருக்கிறார்கள்! சொல்லிச் சந்தோஷப்படப் பக்கத்தில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

வத்திராயிருப்பு பஸ் நிற்கிற இடத்தில் இன்னமும் அந்த முகத்தைத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. நான் சொன்னதை அந்த அக்கா நம்பியிருந்தால் தன் பஸ்ஸில் ஏறிப் போயிருப்பார். அவர் நம்பாததால்தான், யாருமே இல்லாத என் வீட்டுக்குள் அன்றைக்கு இரண்டு பேராகப் போனோம்.