ஈட்டி பாய்ந்த காட்டெருமை

அமீரகத்தின் அல் ஐனில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வெல்டிங் போட்ட தகடுகளில் விரிசல் தேடுவது என் டூட்டி. அதே ஊரில் ஒரு சைட்டில் இருந்த அண்ணனுக்கோ அமெரிக்க ஐந்து சென்ட் காசுகள் மேல் பைத்தியம். அதை நிக்கல் என்பார்கள்.

அவனிடம் இருந்ததில் உசத்தி ஒரு 1913 நிக்கல். அந்த வருடம் முதலில் அடித்த காசில் எருமை ஒரு மேட்டின் மேல் நிற்கும். பிறகு அடித்ததில் மேடு போய் நேர்கோடு வந்துவிட்டது. அண்ணனுடையது மேட்டெருமை. ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க இன்ஜினீயர் அவன் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனது.

அதைக் கடிகாரக் கடை பாயிடம் கொடுத்துவிட்டு, அவரிடமிருந்த 2005 நிக்கலை வாங்கப்போவதாகச் சொன்னான். அந்த வருடத்துக் காசுகள் சிலவற்றில், அச்சில் விழுந்த கீறலால், காட்டெருமையின் முதுகிலிருந்து வயிறுவரை ஈட்டி பாய்ந்ததுபோல ஒரு கோடு ஓடும். அச்சில் பள்ளம் என்றால் காசில் புடைப்பு. யாராவது காசின் மேலேயே ஊசியால் இழுத்திருந்தால் அது பள்ளம்தான், போலி.

வெள்ளிக்கிழமை போனோம். உட்காரும் முன்பே டீ வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"வாங்க தங்கச்சி. இரும்பையே எக்ஸ்ரே எடுக்குற ஆளாம்ல நீங்க?"

"காசுக்கு லென்ஸ் போதும் பாய்."

"நம்மகிட்டயே இருக்கு." சின்ன பல்பு பொருத்திய லென்ஸை நீட்டினார். அதுவும் பிடிக்கவில்லை.

வருடம் சரி. டென்வரில் அடித்ததைக் காட்டும் டி எழுத்து சரி. கோடு தொடங்கும் இடம் சரி. கோடும் புடைப்பாகத்தான் தெரிந்தது.

"பாத்தியா!" அண்ணன் கை பாக்கெட்டுக்குள் போனது.

ரிப்போர்ட்டில் எல்லாமே சரியாக இருந்தால் தகட்டை இன்னொரு முறை பார்ப்பது எங்கள் வழக்கம். பாயின் லென்ஸில் எருமையின் உடம்பு மட்டுமே அடங்கியது. பல்பு கீழ்ப்பக்கம் எரிந்தது. கீழேயிருந்து வெளிச்சம் அடித்தால் பள்ளமும் மேடாகத் தெரியும். எங்கள் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். என் லென்ஸை எடுத்து, எழுத்துகளும் கோடும் சேர்ந்து தெரியும்படி பிடித்தேன். மேசை விளக்கு இடப்பக்கம் இருந்தது. எழுத்துகளின் நிழல் வலப்பக்கம் விழுந்தது. கோட்டின் நிழல் மட்டும் விளக்கு இருந்த இடப்பக்கமே விழுந்தது; அப்படியென்றால் அது பள்ளம்.

"அண்ணே, கைய வெளிய எடுக்காத. இது யாரோ இழுத்த கோடு."

பாய் சிரித்தார். "வல்லாஹி, அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. துபாய்ல ஒருத்தன்கிட்ட வாங்குனது. அப்ப என்னையும்ல ஏமாத்திட்டான்!"

என் லென்ஸை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

வழியெல்லாம் அண்ணன் முறைத்துக்கொண்டே வந்தான். "நல்ல மனுசன்டி அவரு. நீ போலீஸ் மாதிரி நிக்குற."

"நல்ல மனுசன்னா என் லென்ஸ்ல ஒரு தடவ பாத்திருப்பாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வாட்ச் பட்டை மாற்றப் போனபோது நானும் கூடப் போனேன். அந்தக் காசு இன்னும் விற்பனைக்கு ஷோகேஸில் இருந்தது. ஆனால் கோடு தெரியாதபடி எருமைப் பக்கம் அடியில் போய், தலை பொறித்த பக்கம் மேலே வந்திருந்தது.

அண்ணன் அதையே பார்த்தான். பிறகு பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "யல்லா, போலாம்" என்றான்.