கீரிப்பாறை ரோட்டில் மூச்சு வாங்காதவர்

யாராவது பேயைப் பார்த்தேன் என்று ஆரம்பித்தால், ஒரு நாள் கடைக்கு வாருங்கள், கண்ணைச் சோதித்துவிடலாம் என்று சொல்கிறவன் நான். நாகர்கோவிலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்த்தேன் பார்த்தேன் என்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பவர் சரியில்லை என்பது என் அனுபவம். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

சைக்கிள் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார், நான் நடக்கவில்லை. என் மனைவி பகவதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அவளிடம் சாக்குப்போக்கு எடுபடாது. ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கிப் போட்டாள், எனக்குக் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறத்தில் ஒரு பனியனும் வாங்கினாள், அதைப் போட்டால் பரங்கிக்காய்க்கு உறை போட்டது மாதிரி இருப்பேன். ஞாயிறுதோறும் மலைப்பக்கம் ஒரு சுற்று, வழியில் இனிப்பைத் தொடக்கூடாது. இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

அன்றைக்கு பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் என்று போய், அங்கிருந்து கீரிப்பாறை ஏறிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பூதப்பாண்டியில் கோயிலுக்குள் போய்ப் பகவதி சாமி கும்பிட்டுவிட்டு வந்தாள், நான் வெளியே சைக்கிளுக்குக் காவல் நின்றேன். தாடகை மலையைப் பார்த்தபடி நின்றேனே தவிர அந்த இடத்தை விட்டு அசையவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். ஊரைத் தாண்டி ஒரு சாயாக்கடையில் நிறுத்தினோம். நேந்திரம்பழத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, திரும்பி வந்துட்டிய? ஏத்தம்பழ பஜ்ஜி அவ்வளவு பிடிச்சுப்போச்சா?"

பகவதி கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வகுப்பில் பிட் அடிக்கிற பையனை அப்படித்தான் பார்ப்பாளாக இருக்கும்.

"நான் சாமி கும்பிடப் போன நேரத்துல, இவ்வளவு தூரம் வந்து தின்னுட்டு, திரும்பவும் வந்து நல்ல பிள்ளை மாதிரி நின்னிய. அப்படித்தானே?"

"ஏட்டி, ஏத்தத்துல சைக்கிளை உருட்டிட்டுப் போறவன் நான். என்னால அது நடக்குமா?"

இந்த வாதம் அவளைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஆனாலும் சீனி இல்லாத சாயாவைக் குடித்து முடிக்கிற வரை என்னோடு பேசவில்லை. கிளம்பியபோது, நீங்க முன்னால போங்க என்று சொல்லி என் பின்சக்கரத்தை உரசாத குறையாகவே வந்தாள். வழியில் கொஞ்ச நேரம் மழை பிடித்துக்கொண்டது.

அழகியபாண்டியபுரத்தில் பழைய வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற ஒரு தெருவில் கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம், பந்தலிலிருந்து ஒரு அம்மாள் தட்டோடு ஓடி வந்தாள். தட்டு நிறைய முந்திரிக்கொத்து, சிறுபயறும் கருப்பட்டியும் சேர்த்து உருட்டிப் பொரித்தது, அந்த வாசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் இருப்பதே நல்லது.

"அண்ணாச்சி, சொன்ன மாதிரியே அக்காளைக் கூட்டிட்டு வந்துட்டியளே! எக்கா, இவரு நல்லா தின்னாரு, நீங்களும் எடுங்க. மூட்டுவலியோட இவ்வளவு தூரம் சைக்கிள் சவுட்டி வந்திருக்கியளே!"

"யாருக்கு மூட்டுவலி?" என்றாள் பகவதி.

"அவருதான் சொன்னாரு. அவளால வேகமா வர முடியாது, பைய வருவான்னு."

சத்தியமாகச் சொல்கிறேன், இனிப்பு தின்றதைக் கூட அவள் மன்னித்திருப்பாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ சொன்னது சரிதான். வலது பக்கம் மூடிட்டுப் பாத்தேன், காலண்டர்ல ஒண்ணும் தெரியல்ல" என்று சொல்லித் தன் கண்ணாடியை நீட்டினார். நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது லென்ஸ் தப்பாகத்தான் போட்டிருந்தது. அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ அதையே ஒருத்தன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கண்ணாடியை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன்.

"எப்பம் வந்தேன்?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை ஒரு மனுஷன் கேட்க நேரக்கூடாது.

"இப்பம்தானே, மழை விட்டதும் போனிய" என்றாள் அந்த அம்மாள்.

மழை பெய்தபோது நானும் பகவதியும் ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் ஒண்டி நின்றோம். அவள் என் பக்கத்திலேயே இருந்தாள். அது அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும், கோபம் போய் முகம் ஒரு மாதிரி வெளிறியது. தெரு முனை திரும்பியதும், "உங்களுக்கு நான் அறியாத அண்ணன் தம்பி யாராவது உண்டா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு தங்கைதான், அவளும் சவூதியில் இருக்கிறாள்.

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் பகவதிக்கு விடை தெரியாத கணக்கு ஆகாது. எனக்கோ, பயம் கொஞ்சம் இருந்தாலும் பொறாமை அதைவிட அதிகமாக இருந்தது. நான் பச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டு வருகிறேன், அவன் ஒவ்வொரு ஊரிலும் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான் என்றால் நீங்கள்தான் சும்மா விடுவீர்களா? இரண்டு பேரும் அழுத்தி மிதித்தோம். தடிக்காரன்கோணத்தில் கீரிப்பாறை ரோடு பிரிகிற இடத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இப்பம்தானே மேல போனிய?"

"அது நான் இல்ல" என்றேன்.

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ஆளு நீங்கதான். பனியனும் இதுதான். ஆனா அவருக்கு மூச்சு வாங்கல்ல."

பகவதி அந்த நிலையிலும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. நனைந்த ரோட்டில் ஒரே ஒரு சைக்கிள் தடம் மேலே போயிருந்தது, அதன் மேல் வேறு எந்த வண்டியும் போயிருக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குள் ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் முதல் ஏற்றத்திலேயே நான் இறங்கி உருட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் மேலே தெரிந்தது, மரங்களுக்கு நடுவே ரோடு வளைகிற இடத்தில் ஆரஞ்சு நிறம். ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. வலது கையைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டியது. எப்போதாவது பகவதி பின்தங்கினால் நான் அப்படித்தான் கையை ஆட்டுவேன்.

பக்கத்தில் பகவதி பதிலுக்குக் கையைத் தூக்கினாள்.

"கையைக் கீழ போடு, ஏட்டி!" என்றேன்.

அவள் கையைத் தாழ்த்தி, "வீட்டுக்குப் போவோம்" என்றாள். கியர் சைக்கிளை இறக்கத்தில் அவ்வளவு வேகமாக விடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் பரிசோதித்தபோது சர்க்கரை எகிறியிருந்தது. டாக்டர் பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டித் திட்டினார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் முறையாக பகவதி என் பக்கம் பேசினாள். "டாக்டர், இவரு ஒண்ணும் தின்னல்ல, நான் சாட்சி. தின்னது வேற ஆளு." டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறீர்களா என்று அவளிடம்தான் கேட்டார்.

இப்போது நாங்கள் கடற்கரைப் பக்கம்தான் சைக்கிள் விடுகிறோம், குளச்சல் வரைக்கும் போய்வருவோம். ஏற்றமும் இல்லை, என்னை முந்திக்கொண்டு போகிறவனும் இல்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் ஒரு நாள் அவள் பயறு உரித்துக்கொண்டிருந்தாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அன்னைக்கு அவரு கூப்பிட்டது என்னைத்தான். ஒரு நிமிஷம், போயிருவோமான்னு இருந்துச்சு."

"எதுக்கு?" என்று கேட்டேன்.

"அவ்வளவு நல்லா சிரிச்சாரே" என்றாள் பகவதி.

அந்த வளைவில் நின்றவனின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கையை ஆட்டியபோதும் அவன் திரும்பவே இல்லை.