முளைத்த உள்ளியும் மேலிடமும்

அரசு விடுதியில் மீந்த பலசரக்கை மேலிட உத்தரவு இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்பது விதி. இன்று மருமகள் முளைத்த சின்ன வெங்காயத்தைக் குப்பையில் போடப் போனபோது அது நினைவுக்கு வந்தது.

அறுபதுகளில் அப்பா குற்றாலத்தில் அரசு விடுதிக் காப்பாளர். சீசன் முடிந்ததும் அரை மூட்டை உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், மிஞ்சியது. என்ன செய்வதென்று கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். சாரல் ஈரத்தில் உள்ளி முளைத்தது, மேலிடம் அசையவில்லை.

“பதில் வாரதுக்குள்ள எல்லாம் அழுகிரும். நான் தீயல் வைக்கப் போறேன்” என்றாள் அம்மா.

“ஏட்டி, சர்க்கார் உள்ளி. தொட்டா வேல போயிரும்.”

“எடுத்ததத் திருப்பி வச்சிருதேன், போதுமா?”

முளைத்ததைக் கிணற்றடியில் ஊன்றினாள். மீதியை வதக்கி, தேங்காயைச் சிவக்க வறுத்து அரைத்து, தீயல் குழம்பு வைத்தாள். வீடே மணத்தது. அப்பா மட்டும் மோர்சோறு சாப்பிட்டார்.

மார்கழியில் கிணற்றடி உள்ளி விளைந்து மூட்டை பழையபடி பாதி நிறைந்தது. அதன் பிறகுதான் உத்தரவு வந்தது: ‘சரக்கு அழுகியிருக்கும். உடனே மண்ணில் புதைக்கவும்.’

“அத எப்பவோ செஞ்சாச்சே!” என்று அம்மா சிரித்தாள்.

அப்பா தாளை மடித்து வைத்துவிட்டு, முதன்முறையாகத் தீயல் கேட்டார்.