காடை கலையாத எந்திரம்

ஒரு கைப்பிடித் தினையை மணலில் தூவிவிட்டு, லைல் அமுண்ட்சன் டிரெய்லரின் பின்புறம் போய் மறைந்துகொள்கிறார். சற்று நேரத்தில் முட்புதருக்குள்ளிருந்து கொண்டைக் காடைகள் வரிசையாக வெளிவருகின்றன. நெற்றியில் வளைந்து நிற்கும் கரிய இறகு ஒவ்வோர் அடிக்கும் ஆடுகிறது. பதினொன்று சேர்ந்ததும் அவர் குனிந்து ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கிறார். பின் டிரெய்லரின் மூலையில் கன்னம் பதித்து எட்டிப் பார்க்கிறார். பழம்பாடல்களில் தினைப்புனம் காக்கும் மகளிர் பறவையை விரட்டுவர். இவர் தினை இட்டுப் பறவையை அழைக்கிறார். எந்த எந்திரம் உறுமியும் அவை எழுந்து பறக்கவில்லையோ அந்த எந்திரமே இவருக்கு வேண்டும்.

லைலுக்கு எழுபத்து நான்கு வயது. வடக்கு டகோட்டாவில் தானியக் களஞ்சியமொன்றில் நாற்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்து, செவித்திறனில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். பனி விழத் தொடங்கியதும் மனைவி மார்லிஸுடன், வீடாக வைத்திருக்கும் டிரெய்லரை டிரக்கில் இழுத்துக்கொண்டு, மின்கம்பி எட்டாத எங்கள் அரிசோனாப் பாலைக்கு வந்துவிடுவார். காதுக்கருவிகள் சட்டைப்பையில் குடியிருக்கும். கேட்டால், “எனக்கு வேண்டியது கேக்குது” என்பார்.

சென்ற குளிர்காலத்தில் அவர் கொண்டுவந்தது வீடு கட்டுமிடத்தில் ஓடிய பழைய ஜெனரேட்டர். பூனை உறுமுவதுபோல் மெல்லத்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நெருப்புக்குழியைச் சுற்றி வட்டமாக நின்ற எங்கள் பன்னிரண்டு டிரெய்லர்களும் அதிர்ந்தன. எவரும் தேர்ந்தெடுக்காமலே எங்களுக்குத் தலைவியாக விளங்கும் பெவ் கோவல்சுக் ஒருநாள் அவருடைய காதருகே சென்று சொன்னாள்:

“லைல், உன்மேல எங்களுக்கு ரொம்பப் பிரியம். நீ ஓடைக்கு அந்தப் பக்கம் போயிட்டா இன்னும் ஜாஸ்தி பிரியமா இருப்போம்.”

அவர் சிரித்தார். அன்றே டிரெய்லரை டிரக்கில் பூட்டி, வறண்ட ஓடைக்கு அப்பால் போய்விட்டார். சிரிக்க முடியாதவள் மார்லிஸ். அவளுக்கு முழங்கால் வலி. ஓடைக்கரையோ சரியும் மணல். ஒருமுறை சறுக்கி விழுந்த பிறகு மாலைச் சீட்டாட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். எங்களில் அவளைப்போல் ஆட வல்லவர் இல்லை. குளிர்காலம் முழுவதும் கணவனோடு மட்டும் ஆடினாள். “ரெண்டே பேர் ஆடினா யாரு ஏமாத்துறாங்கன்னு உடனே தெரிஞ்சுடுது. அதுல என்ன சுகம்?” என்பது அவள் வருத்தம்.

இந்த ஆண்டு அவர்களுடைய பழைய இடத்தை மொண்டானாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை காலை வந்து சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பதாகவும், அதுவரை காத்திருப்பதாகவும் பெவ் சொல்லிவிட்டாள். அதற்குள் லைல், தம் காதுக்கு எட்டாத ஓசையை அளந்து ஓர் எந்திரத்தைத் தேர்ந்தாக வேண்டும். அதற்குத்தான் காடைகள்.

ஊருக்குள் கூடாரக் கடைகளில் ஜெனரேட்டர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட வாட் கணக்கை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “அது கிளம்பும்போது விடுற மூச்சு. நாள் முழுக்க ஓடுற மூச்சு உள்ளார பொடி எழுத்துல இருக்கும்” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொடி எழுத்தைத் தேடுவார். சத்தம் குறைவு என்று எழுதியிருந்தால் அதையும் நம்பமாட்டார். சுமையில்லாமல் ஓடும்போது அளந்திருப்பார்கள் என்பார். காப்பிப் பானையையும் மைக்ரோவேவையும் சேர்த்து ஓட்டும் வலிமை அவருக்குத் தேவையில்லை. “ஒண்ணு முடிஞ்சாத்தான் இன்னொண்ணு. அம்பது வருஷக் கல்யாணத்துல இது ஒண்ணுலதான் ரெண்டு பேரும் ஒத்துப்போறோம்.” கூரையில் சூரியத் தகடு பதித்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். “டகோட்டாக்காரன் சூரியனை நம்பி எதையும் செய்யமாட்டான்” என்றார்.

ஒருநாள் ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்லி, எந்திரத்தை எடுத்து வருவார். அடமானமாகக் கடைக்காரர் ஏதேனும் கேட்டபோது, சட்டைப்பையிலிருந்து காதுக்கருவிகளை எடுத்து நீட்டினாராம்.

“டிரக்கோட ஸ்பேர் டயரைக் குடுத்திருக்கலாமே,” என்றாள் மார்லிஸ்.

“டயர் தேவைப்படும்.”

செவ்வாயன்று வந்தது சக்கரம் வைத்த பெரிய சிவப்பு எந்திரம். கயிறு இழுபட்டதும் காடைகள் கல்லெறி பட்டாற்போல் எழுந்து பறந்தன. புதனன்று வந்ததற்கு அவை பத்தடி விலகி நின்று யோசித்தன. வியாழனன்று வந்தது ஒரு கையால் தூக்கக்கூடிய நீல எந்திரம். உள்ளே மார்லிஸ் தலைமுடி உலர்த்தியை ஓட்டிச் சுமை ஏற்ற, ஒரே ஒரு சேவற்காடை தலை நிமிர்த்தியது, கரிய இறகு நடுங்கியது, மீண்டும் குனிந்து தினை பொறுக்கியது. லைல் மூலையிலேயே நின்று முகம் மலர்ந்தார்.

சன்னல் வழியே மார்லிஸ் தலையை நீட்டினாள். “ரொம்பப் பூரிச்சுப் போகாதே, கிழவா. மூணு நாள்ல அதுங்களுக்கு உன் கூத்து பழகிப்போச்சு. அவ்வளவுதான்.”

அவர் முகம் மாறியது. தானியத்தின் ஈரத்தை ஒருமுறை அளந்து நம்பாதவர் அவர். வெள்ளியன்று காதுகள் மறுபடியும் அடமானம் போயின. பெரிய சிவப்பு எந்திரம் மறுபடியும் வந்தது. கயிற்றை இழுத்தார். பதினொரு காடைகளும் பறந்தன. பறந்து மறைந்த திசையை நெடுநேரம் பார்த்து நின்றார். காடைகள் தம்மைக் கைவிட்டதற்கு அவ்வளவு மகிழ்ந்த மனிதரை நான் கண்டதில்லை.

“இப்ப நம்புறியா?” என்றார்.

“நம்புறேன். நாலு நாளாக் காலையில என் தலை காய்ஞ்சது போதும்.”

சனிக்கிழமை விடிந்ததும், விலைக்கு வாங்கிய நீல எந்திரத்தோடு டிரெய்லரை வட்டத்துக்குள் பழைய இடத்தில் நிறுத்தினார். ஒன்பது மணிக்குப் பெவ் வந்தாள். நாற்காலியில் அமர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தீர்ப்பு வழங்குபவள்போல் கண்களை மூடினாள்.

“சரி லைல். கிளப்பு. நான் தயாரா இருக்கேன்.”

அவள் உதட்டசைவைப் பார்த்த லைல் மார்லிஸின் பக்கம் திரும்பினார். மார்லிஸ் மேசைமேலிருந்த மின்பானையிலிருந்து ஒரு கோப்பைக் காப்பி ஊற்றி அவளிடம் நீட்டினாள். “மொதல்ல இதைக் குடி. சூடா இருக்கும்.”

பெவ் ஒரு வாய் குடித்தாள். பானையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து போன கம்பியை அவள் பார்வை டிரெய்லரின் பின்புறம் வரை தொடர்ந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். தேனடையை நெருங்கினாற்போல் மெல்லிய ரீங்காரம்; காற்றடித்தால் அதுவும் இல்லை.

கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தாள். “மொண்டானாக்காரங்ககிட்டப் போறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் காத்து நல்லா வருதுன்னு சொல்லணும்.”

அன்று மாலை நெருப்பின் அருகே மார்லிஸ் சீட்டைக் கலைத்துப் போட்டாள். முதல் இரண்டு ஆட்டமும் அவளுக்கே. மூன்றாவதற்குச் சீட்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது லைல் எழுந்தார். அவருடைய இரு செவிகளிலும் காதுக்கருவிகளை அன்றுதான் கண்டேன். டிரெய்லரின் பின்னால் போனார், தலையை ஒருபக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். பிறகு குனிந்து நீல எந்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். அந்தச் சிறு நடுக்கம் கையில் ஏறும்வரை அப்படியே நின்றிருந்துவிட்டு, தம் சீட்டுகளை எடுத்துக்கொள்ள வந்தார்.