அந்த எண்ணெயைப் பூசியது மிக்கேல் அண்ணன் அல்ல

செவ்வாய்க்கிழமை காலை பள்ளி மைதானத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். மிக்கேல் அண்ணனின் மனைவி லில்லி அக்காவின் அழைப்பு வந்தது. முதலில் மூச்சு மட்டும்தான் கேட்டது. பிறகு, "ஷைனி, அவரு போயிட்டாரு மோளே. காப்பி கேட்டாரு. கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாரு" என்றார். நான் கையில் இருந்த விசிலை ஊதிவிட்டேன். எதற்கு ஊதினேன் என்று தெரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் நின்று என்னையே பார்த்தார்கள்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நம் குழுவைச் சேர்ந்த ஒருவர் என் காதுபடச் சொன்னார்: "நல்ல மனுசன். அந்த எண்ணெ விசயத்துல மட்டும் புத்தி பிசகிட்டு." நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடமாகவே திறக்கவில்லை. குளச்சல் கரையில் பாய்ப்படகு ஓட்டும் நம் குழுவுக்கும், அண்ணனைத் தெரிந்த மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இனியும் பேசாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நம் பந்தயப் படகை ஓட்டுவது இரண்டு பேர். சுக்கான் பிடித்தவர் மிக்கேல் அண்ணன். காற்று வலுத்தால், பாய்மரத்திலிருந்து இறங்கும் கம்பியில் இடுப்பைக் கொளுவிக்கொண்டு, படகுக்கு வெளியே உடம்பை நீட்டித் தொங்குபவள் நான். அந்தப் பாய்மரத்தை நிறுத்தி வைத்திருப்பவை மூன்றே கம்பிகள். முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பக்கக் கம்பி அறுந்தால் மரம் சாயும், அதோடு நானும் போவேன். அண்ணன் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் கிரேன் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தவர். "கம்பி சொல்லிட்டுத்தான் அறும். கேக்க ஆளு வேணும்" என்பார்.

நம் கரையில் பெண் வள்ளத்தில் ஏறும் வழக்கமில்லை. என்னை ஏற்றியது அவர்தான். அதற்காக உங்களில் பாதிப் பேர் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவளுக்க கனம் எனக்குச் செரியாட்டு இருக்கு. வேற ஆளு வேணும்னா வேற சுக்கானும் பாத்துக்கிடுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஒரு தப்பு நடக்கட்டும், இவளை இறக்கிவிடலாம் என்று காத்திருந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் தப்பை நானே செய்தேன். தூத்துக்குடிப் பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பக்கக் கம்பிகளில் தேநீர் நிறத்தில் கறை தெரிந்தது. அப்பா வள்ளத்துக்கு அண்டி எண்ணெய் பூசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் அந்தக் கறுத்த எண்ணெய் மரத்தை உளுக்கவிடாது. மரத்தைக் காப்பது கம்பியைக் காக்காதா என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மேலிருந்து கீழ்வரை பூசினேன், காய்ந்ததும் மறுபடி பூசினேன். துருப்பிடிக்காத எஃகுக்கு நல்ல தண்ணீரில் கழுவலும் காற்றும் போதும் என்றும், எண்ணெய்க்கு அடியில் உப்பு உட்கார்ந்து அரிக்கும் என்றும் அப்போது எனக்குத் தெரியாது.

பந்தயம் சனிக்கிழமை. திங்கள் காலை அண்ணன் ஒரு பிடி பஞ்சை எடுத்துக் கம்பியின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். வலப்பக்கக் கம்பியின் அடியில், இணைப்புக்குள் நுழையும் இடத்தில், பஞ்சு சிக்கியது.

"ஏட்டி, இஞ்ச வா. இத என்னத்த பூசின?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. நகத்தால் எண்ணெயைச் சுரண்டினார். பத்தொன்பது இழையில் இரண்டு அறுந்து நின்றன.

"பதினேழு இருக்கே அண்ணே. ஒரு நாளைக்குத் தாங்காதா?"

"தாங்கும். தாங்கலன்னா ஒனக்க தலையிலதான் விழும்" என்றவர் அப்போதே கம்பியைக் கழற்றினார்.

செவ்வாயன்று நாகர்கோவிலில் கடை கடையாக ஏறினோம். எல்லாக் கடையிலும் மாடிப்படிக் கைப்பிடிக்குக் கட்டும் கம்பிதான் கிடைத்தது. பளபளவென்று இருந்தது. அண்ணன் அதை விரலில் சுற்றினார். சணல் மாதிரிச் சுற்றிக்கொண்டது. "நூறு மெல்லிய இழையப் பின்னினது. வளையும், நீளும். மரத்த நிறுத்துத கம்பி நீளப்பிடாது. நமக்குத் தடிச்ச இழ பத்தொம்பது, அதான் வேணும்" என்றார். "பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு" என்று நான் நடுக்கடையில் சண்டை பிடித்தேன். அவர் கேட்டபாடில்லை. கொச்சியில் ஒரு வியாபாரியைப் பிடித்து, சரியான கம்பியைப் பேருந்தில் போட்டுவிடச் சொன்னார். புதன் வரவில்லை. வியாழனும் வரவில்லை. பங்குக் கோவிலிலிருந்து வேன் ஏற்பாடாகியிருந்தது, பள்ளியில் எனக்கு விடுப்பும் கிடைத்திருந்தது. வெள்ளி மதியம்தான் கம்பி வந்து சேர்ந்தது.

கம்பி வந்தால் போதாது, முனையில் இணைப்பை அழுத்திப் பொருத்த வேண்டும். விசைப்படகுக் கம்பிகளுக்கு அழுத்தும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த அச்சு நம் கம்பிக்கு ஒரு சுற்றுப் பெரிது. அண்ணன் ஒரு துண்டை மட்டும் அழுத்தி, கனம் தூக்கும் செயின் பிளாக்கில் மாட்டி இழுத்துப் பார்த்தார். இணைப்பிலிருந்து கம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"அப்ப பழையதையே மாட்டுவோம்" என்றேன்.

அண்ணன் பழைய கம்பியை அதே செயின் பிளாக்கில் மாட்டினார். என்னைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். இழுவையைக் காட்டும் அளவுகாட்டியின் முள் பாதிகூட ஏறவில்லை. வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். அறுந்த முனை பறந்து தகரக் கூரையில் அடித்தது. அந்தப் பயத்தில்தான், பட்டறை ஆட்கள் முன்னால், "நீரு ஒரு பயந்தாங்கொள்ளி" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். கண்ணால் பார்த்த பிறகும் கத்தினேன், பாருங்கள்.

"ஆமா, எனக்குப் பயமாட்டுதான் இருக்கு. நானும் வள்ளத்துல கேறல்ல, நீயும் கேறண்டாம்" என்றார்.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எண்ணெயால் கம்பி அரித்துப் பந்தயம் போச்சு என்றதும் எல்லோரும் எழுந்தீர்கள். "கம்பியில எண்ணெய பூசினது யாரு?" என்று ஒருவர் கேட்டார். "அன்னைக்கே சொன்னோம்லா, பொம்பளைய வள்ளத்துல கேத்தாண்டாம்னு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். அதற்குள் அண்ணன், "நான்தான் பூசினேன். கூறு கெட்டுப் போச்சு" என்றார். இருபது வருடம் கம்பி பார்த்த மனிதரை, நீங்கள் அரை மணி நேரம் வாய்க்கு வந்தபடி பேசினீர்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், "எதுக்கு அண்ணே?" என்று அழுதேன். "எனக்கு நாலு நாளு ஏச்சு. அது தீந்துரும். ஒனக்குன்னா ஆயுசுக்கும் வள்ளம் கிடையாது. போ, போய் முகத்தக் கழுவு" என்றார்.

ஏச்சு நாலு நாளில் தீரவில்லை அண்ணே. மண்ணுக்குள் இறக்குகிற வரைக்கும் வந்தது.

மறு வருடம் புதுக் கம்பியோடு ஓடினோம், அதற்கடுத்த வருடமும் ஓடினோம். படகுக்கு வெளியே, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நான் தொங்கும் அந்த இடம் அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். எனக்காக அவர் சொன்ன பொய்யை வைத்துக்கொள்ள மாட்டேன். எண்ணெயைப் பூசியது ஷைனி. எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கரைக்கு வருவேன். சுக்கானை இனி யார் பிடிக்கப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை இறக்க வேண்டும் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், இறங்கிக்கொள்கிறேன். மிக்கேல் அண்ணனைப் பற்றி மட்டும் இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது.